மாயர் பிரமிடுகளில் ஏறி இறங்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

மெக்சிகோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் பழங்காலத்தில் நகரங்கள் எழுப்பிய மாயர்களின் பிரமிடு ஒன்றின் உச்சியில் நிற்க வேண்டும் என்ற ஆசையோடு புறப்படுகிறவர்கள், எந்தப் பிரமிடில் ஏறப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். விமானச் சீட்டும் விடுதியும் அதற்குப் பிறகு வரட்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெக்சிகோவின் கான்குன் கடற்கரையில் விடுதி எடுத்து, அங்கிருந்து பேருந்தில் சிச்சென் இட்சாவுக்குப் போய், படங்களில் பார்த்துப் பழகிய எல் காஸ்தியோ பிரமிடின் முன்னால் நின்ற பிறகுதான், அதன் மீது யாரையும் ஏற விடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வருகிறது. 2006-இல் பெண் பயணி ஒருவர் அதன் படிகளிலிருந்து விழுந்து இறந்ததை அடுத்து அந்தப் பிரமிடில் ஏறுவது நிறுத்தப்பட்டது. 2022 நவம்பரில் ஒருவர் தடையை மீறி உச்சி வரை ஏறி நடனமாடியபோது, கீழே நின்ற சுற்றுலாக் கூட்டமே கூச்சலிட்டு, அவர் இறங்கி வந்ததும் அவர் மீது தண்ணீரை வீசியது. அபராதம் தனி.

ஏற முடியாது என்பதற்காகச் சிச்சென் இட்சாவைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சிக் கோயிலின் மேடையோடு சேர்த்து 365 என்று ஓர் ஆண்டின் நாள்களைக் கல்லில் எண்ணி வைத்திருக்கும் அந்தக் கட்டடத்தைக் கீழே நின்று பார்ப்பதே போதுமானது. வடக்குப் படிக்கட்டின் எதிரே நின்று கைதட்டினால், எதிரொலி பறவையின் கீச்சொலி போலத் திரும்பி வருவதையும் கேட்கலாம். ஆனால் ஏறுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், பயணத்தை வேறு திசையில் திட்டமிட வேண்டும்.

எங்கே ஏறலாம்

மாயர் நாகரிகத்தின் இடிபாடுகள் மெக்சிகோவின் தென்கிழக்கு மாநிலங்கள், குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸின் மேற்குப் பகுதி, எல் சால்வடோர் ஆகிய இடங்களில் பரவிக் கிடக்கின்றன. மெக்சிகோ நகரத்துக்கு அருகிலுள்ள தியோதிவாகானின் சூரியப் பிரமிடையும் இவற்றோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. அது மாயர்கள் கட்டியதன்று.

மெக்சிகோவில் விதிகள் வர வர இறுகிக்கொண்டிருக்கின்றன. உஷ்மலின் மந்திரவாதிப் பிரமிடிலும், பலெங்கேயில் 1952-இல் அல்பெர்தோ ரூஸ் என்ற தொல்லியலாளர் பக்கால் மன்னனின் கல்லறையைக் கண்டெடுத்த கல்வெட்டுக் கோயிலிலும் ஏற அனுமதி இல்லை. 42 மீட்டர் உயரமுள்ள கோபாவின் நோஹோச் மூல் பிரமிடு பல ஆண்டுகள் பயணிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிய இடமாக இருந்தது. 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் அது மூடப்பட்டது. அதன் பின் அங்குள்ள நிலை மாறக்கூடியதாகவே இருப்பதால், புறப்படும் வாரத்தில் விசாரிக்காமல் அதை நம்பிப் போக வேண்டாம். காம்பெச்சே மாநிலத்தின் காட்டுக்குள் இருக்கும் கலக்முல் மட்டும் நெடுங்காலமாக ஏறுவோருக்குத் திறந்தே இருந்து வந்திருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 60 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் போக வேண்டும், உள்ளே சாப்பாட்டுக்கோ தண்ணீருக்கோ வழியில்லை என்பதால் அங்கே கூட்டம் சேர்வதில்லை. அதன் இரண்டாம் எண் கட்டடம் 45 மீட்டருக்கும் மேல் உயரமானது. அடிப்பகுதியின் ஒரு பக்கம் மட்டுமே ஏறத்தாழ 120 மீட்டர் நீளம்.

குவாத்தமாலாவின் திகாலில் முறையே வேறு. முதலாம் கோயிலின் மூலப் படிகளில் ஏறியவர்கள் விழுந்து இறந்ததால் அது மூடப்பட்டுவிட்டது. அதற்கு எதிரே நிற்கும் இரண்டாம் கோயிலிலும், மேற்குக் கோடியில் நிற்கும் நான்காம் கோயிலிலும் பக்கவாட்டில் மரப்படிக்கட்டு அமைத்து மேலே விடுகிறார்கள். கல்லும் தேயாது, ஏறுகிறவருக்கும் கைப்பிடி கிடைக்கும் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடே மிகச் சரியானதாகப் படுகிறது.

பெலீஸ்தான் ஏறுகிறவர்களின் நாடு. ஷுனான்துனிச், கரகோல், லமானாய், ஆல்துன் ஹா என்று பெயர் பெற்ற தலங்கள் பலவற்றில் மூலக் கல்லின் மீதே நடந்து மேலே போக முடிகிறது. முதன்முறையாக ஏறுகிறவர் ஆல்துன் ஹாவில் தொடங்கலாம்; அதன் பெரிய கோயில் 16 மீட்டர் அளவே உயரமுள்ளது, அந்நாட்டில் விற்கும் பெலிகின் பீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் படமும் அதுதான். 1968-இல் அந்தக் கோயிலின் கல்லறை ஒன்றிலிருந்துதான் நான்கு கிலோவுக்கும் மேல் எடையுள்ள பச்சை மணிக்கல்லில் செதுக்கிய சூரியக் கடவுளின் தலை எடுக்கப்பட்டது.

எந்த இடமானாலும், முந்தைய நாள் விடுதிக்காரரிடமும் உள்ளூர் வழிகாட்டியிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புயல் அடித்து மரம் விழுந்தாலோ, பழுதுபார்ப்பு வேலை நடந்தாலோ, கிராமத்தார் நிலப் பிரச்சினைக்காகச் சாலையை மறித்தாலோ அன்றைக்குத் தலமே மூடப்படுவதுண்டு. கடந்த இரண்டு மூன்று வாரங்களில் மற்றவர்கள் எடுத்து இணையத்தில் போட்ட படங்களில் உச்சியில் மனிதர்கள் தெரிகிறார்களா என்று பார்ப்பது, அரசின் அறிவிப்புப் பக்கத்தைவிடச் சில சமயம் நம்பகமான செய்தியைத் தரும்.

காலமும் நேரமும்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் வெயில் சுட்டெரிக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியப் புயல் பருவம். இவற்றில் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஏறுவதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் போக நேர்ந்தால், பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை கொட்டும் என்பதை மனத்தில் வைத்து, காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும்.

கதவு திறக்கும் நேரத்துக்கே வாசலில் நிற்பது எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிடும். படிக்கட்டில் மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்க வேண்டியிருப்பதும் இந்தப் பிரமிடுகளில் விபத்துக்கு ஒரு காரணம். மேலும், நண்பகலில் சுண்ணாம்புக்கல் சூடேறிவிடும்; கையை ஊன்றி இறங்க வேண்டிய இடத்தில் அது பெரிய தொல்லை.

திகாலுக்குப் போகிறவர்கள் ஃப்ளோரஸ் தீவு நகரில் தங்குவது வழக்கம். அங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வேனில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பூங்காவின் வழக்கமான நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை. சூரிய உதயம் காண விரும்புவோர் தனிக் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியோடு அதற்கு முன்பே உள்ளே போகலாம். இந்த உதயத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பெரும்பாலான நாள்களில் சூரியன் தெரிவதில்லை. நான்காம் கோயிலின் மேடையில் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் முன்னால் வெள்ளை மூடுபனியைத் தவிர வேறொன்றும் இருக்காது. பிறகு ஹௌலர் குரங்குகள் கத்தத் தொடங்கும். அது குரங்கின் குரல் என்று முன்னமே தெரியாதவர் புலி ஏதோ உறுமுவதாகவே நினைப்பார். பனி மெல்ல விலகும்போது முதலில் மூன்றாம் கோயிலின் முடியும், பிறகு முதலாம், இரண்டாம் கோயில்களின் முகடுகளும் காட்டுக்கு மேலே ஒவ்வொன்றாக வெளிப்படும். இதற்காகக் கொடுக்கும் காசு வீண் என்று நான் நினைக்கவில்லை. பொன்னிறச் சூரியனை எதிர்பார்த்துப் போனால் மட்டுமே ஏமாற்றம்.

கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. திகாலில் வெளிநாட்டவருக்கு நீண்ட காலமாக 150 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்) என்று இருந்து வந்தது. மெக்சிகோவின் யுகாத்தான் மாநிலத்தில் மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒன்றும் மாநிலத்துக்கு ஒன்றுமாக இரண்டு சீட்டுகள் வாங்க வேண்டிவரும். ஒன்றை வாங்கிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். எங்கும் ரொக்கத்தையும் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். இந்தியக் கடவுச்சீட்டுள்ளவர்கள், செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா இல்லாமல் சுற்றுலாவாகப் போக முடியும். குவாத்தமாலாவுக்கும் பெலீஸுக்கும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

உடலும் உடையும்

இந்தப் பிரமிடுகள் எதுவும் மலையன்று. உச்சியை அடையப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆளைச் சோதிப்பவை வெப்பமும் ஈரப்பதமும்தான். காட்டுக்குள் காற்றே அசையாது. வியர்வை உலராமல் உடலோடு ஒட்டிக்கொள்வதால் உடல் குளிர்வதில்லை, தாகம் தெரிவதற்கு முன்பே தலை கிறுகிறுக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதில் ஒரு பாட்டிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியைக் கலந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வீட்டிலோ அலுவலகத்திலோ மின்தூக்கியை விட்டுவிட்டுப் படிகளில் ஏறி இறங்கிப் பழகுங்கள். முக்கியமாக இறங்கிப் பழகுங்கள், முழங்கால் அதில்தான் வலிக்கும்.

காலணியின் அடிப்புறம் தேயாமலும், பிடிமானமுள்ளதாகவும் இருக்க வேண்டும். பல்லாயிரம் பேரின் கால் பட்டு, நடுப்படிகளில் சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லைப் போல வழவழப்பாகிவிட்டது. நிழல் விழும் பக்கத்தில் பாசியும் படிந்திருக்கும். செருப்பு அறவே கூடாது. உடை முழுக்கால் நீளத்துக்கு இருந்தால் கொசுவுக்கும் உண்ணிக்கும் தப்பலாம், கல்லில் உட்கார்ந்து நகரும்போதும் தோல் சிராய்க்காது. தொளதொளவென்று கீழே புரளும் உடையும், காற்றில் பறக்கும் துப்பட்டாவும் படியில் கால் தடுக்கக் காரணமாகும். மேலே மரங்களைத் தாண்டியவுடன் காற்று பலமாக அடிப்பதால், தொப்பிக்குத் தாடைக் கயிறு வேண்டும். பறக்கும் தொப்பியைப் பிடிக்கக் கை நீட்டுவது ஆபத்து. பொருள்கள் எல்லாம் இரு தோளிலும் மாட்டும் சிறு பையில் இருக்கட்டும், கைப்பேசி உட்பட. இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும்.

ஏறும் முறை

மாயர் படிகள் நம் வீட்டுப் படிகளைப் போல மனிதக் காலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. பல இடங்களில் படியின் உயரம் அதன் அகலத்துக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்கும். சரிவு ஏறத்தாழ 45 பாகை. பாதம் முழுவதையும் நேராக வைக்க இடம் இருக்காது, குதிகால் வெளியே தொங்கும். ஆகவே உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, பாதத்தைப் படியின் நீளவாக்கில் வைத்து, படிக்கட்டின் குறுக்கே சாய்வாகப் போய், ஓரத்துக்கு வருவதற்கு முன்பே திரும்பி எதிர்ச்சாய்வில் தொடர வேண்டும். இப்படி வளைந்து வளைந்து ஏறினால் தூரம் கூடும், மூச்சு வாங்குவது குறையும். பாதம் எப்போதும் கல்லின் மேல் முழுமையாக அமர்ந்திருக்கும்.

உங்களுக்கு நேர் மேலே ஒருவர் ஏறிக்கொண்டிருந்தால் அவருக்குக் கீழே நிற்காதீர்கள்; ஒன்று அவர் நகரும் வரை காத்திருங்கள், அல்லது பக்கவாட்டில் விலகிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் தளங்களில் நின்று, கல்லின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விடுங்கள். பிடித்துக்கொள்ளச் சுவர் தேடும்போது சுதைப் பூச்சையோ செதுக்கிய கல்லையோ தொட வேண்டாம். இந்தக் கட்டடங்களின் உட்புறம் பெரும்பாலும் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பப்பட்டது. வெளியே செதுக்கிய கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, பழைய கோயிலின் மேலேயே புதியதை எழுப்பியிருக்கிறார்கள். மேற்கல் ஒன்று பெயர்ந்தால் உள்ளே மழைநீர் புகுந்து, பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கும். 2013-இல் பெலீஸின் நோமுல் என்ற தலத்தில், சாலைக்குச் சரளைக்கல் வேண்டி ஓர் ஒப்பந்தக்காரரின் இயந்திரங்கள் பெரிய பிரமிடு ஒன்றைத் தோண்டியெடுத்தபோது, அந்த உள்நிரப்பு எவ்வளவு தளர்வானது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஷுனான்துனிச்சில் இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். சான் ஹோசே சுக்கோட்ஸ் கிராமத்தின் ஓரத்தில் மோபான் ஆற்றைக் கடக்க நெடுங்காலமாக ஒரு மிதவை இருந்து வந்திருக்கிறது; என்ஜின் கிடையாது. ஊழியர் ஒருவர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு மிதவை, அதன் மேல் நிற்கும் கார்களோடு அக்கரைக்கு நகரும். கரையேறி மேட்டுப் பாதையில் ஒரு மைல் போனால் 40 மீட்டர் உயரமுள்ள எல் காஸ்தியோ. சிச்சென் இட்சாவில் உள்ளதற்கும் இதே பெயர்தான்; ஸ்பானியத்தில் கோட்டை என்று பொருள். ஸ்பானியர் கண்ணுக்கு உயரமானவை எல்லாம் கோட்டையாகத் தெரிந்திருக்கின்றன. ஏறும் வழியில் தெரியும் பெரிய சுதைச் சிற்பப் பட்டை கண்ணாடியிழையில் வார்த்த நகல். மூலத்தை மழையிலிருந்து காக்க அதன் மேல் பொருத்தியிருக்கிறார்கள். உச்சிக்கு முந்தைய கடைசிப் பகுதி குறுகலானது, ஓரத்தில் தடுப்பு இல்லை. அங்கே எதிரே வருகிறவருக்கு முதலில் வழிவிட்டு, அதன் பிறகு ஏறுங்கள். மேலே நின்றால் மேற்கே தெரிவது குவாத்தமாலா.

இறங்கும் முறை

விழுந்தவர்களில் பலர் இறங்கும்போது விழுந்தவர்கள். மேலிருந்து பார்க்கும்போது முதல் இரண்டு மூன்று படிகளுக்கு அப்பால் எதுவும் தெரியாமல், படிக்கட்டே அந்தரத்தில் முடிவது போலத் தோன்றும். அந்தக் காட்சியில் கால் நடுங்கத் தொடங்கியவர் அவசரப்படுகிறார், அவசரத்தில் குதிகால் வழுக்குகிறது. எனவே உச்சிக்குப் போனதும் முதலில் குறைந்தது கால்மணி நேரம் உட்கார்ந்து, தொடை நடுக்கம் அடங்கிய பிறகே இறங்கத் தொடங்க வேண்டும்.

மூன்று வழிகள் உண்டு. ஏறியது போலவே பக்கவாட்டில் வளைந்து வளைந்து இறங்குவது தேர்ந்தவர்களுக்கு. உயரம் கண்டு கலங்குகிறவர்கள் ஏணியில் இறங்குவது போலக் கல்லைப் பார்த்தபடி, இரண்டு கையையும் மேற்படியில் ஊன்றி, காலால் கீழ்ப்படியைத் துழாவி இறங்கலாம். எல்லோருக்கும் பொருந்துவது மூன்றாவது: படியில் உட்கார்ந்து, காலைக் கீழ்ப்படியில் வைத்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக நகர்வது. பார்க்க அழகாக இராது. கால்சட்டையின் பின்புறம் வெள்ளைச் சுண்ணாம்பாகும். கயிறோ சங்கிலியோ கட்டியிருந்தால் அதை ஒரு கையால் மட்டும் பிடியுங்கள். உடல் எடை முழுவதையும் அதில் தொங்க விடாதீர்கள், ஏனென்றால் அதே கயிற்றைக் கீழே இன்னொருவர் பிடித்திருப்பார், உங்கள் இழுப்பில் அவர் தடுமாறுவார். குழந்தைகள் இருந்தால் பெரியவர் ஒருவர் எப்போதும் அவர்களுக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். இறங்கும்போது படம் எடுக்கக் கூடாது என்பதை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொலைவில் இடி கேட்டால் மழைக்குக் காத்திராமல் உடனே இறங்குங்கள். காட்டின் தலைக்கு மேலே நிற்கும் கல்மேடையில் மின்னலுக்கு நீங்களே உயரமான பொருள். இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, படி நனைந்துவிட்டால், உட்கார்ந்து நகரும் முறையைத் தவிர வேறெதையும் முயல வேண்டாம். திகாலின் மரப்படிகளும் ஈரத்தில் வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள்.

ஏறாதவர்களும், ஏறியவர்களின் மறுநாளும்

இதய நோய், முழங்கால் தேய்வு, தலைசுற்றல் உள்ளவர்கள் ஏறாமல் இருப்பதில் இழப்பொன்றுமில்லை. திகாலின் பெருஞ்சதுக்கத்தில் முதலாம், இரண்டாம் கோயில்களுக்கு நடுவே புல்தரையில் உட்கார்ந்தால், ஹசாவ் சான் கவீல் என்ற மன்னன் 695-இல் கலக்முல்லின் படையை வென்ற பிறகு தன் நகரத்தை எப்படி உயர்த்தினான் என்பது கீழிருந்தே விளங்கும். அவனுடைய கல்லறை முதலாம் கோயிலின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. நான்காம் கோயிலை, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில், அவன் மகன் கட்டினான். சதுக்கத்தில் வட்டமாகக் கல் பதித்த தீச்சடங்கு மேடையில் இன்றைய மாயர்கள் மெழுகுவத்தியும் குங்கிலியமும் எரித்து வழிபடுவதைக் காண நேரலாம். இது அவர்கள் முன்னோர் கோயில், அவர்கள் மறைந்துபோன இனமல்லர். சடங்கு நடக்கும்போது வட்டத்துக்குள் நுழையாமலும், அனுமதி கேட்காமல் படம் எடுக்காமலும் இருக்க வேண்டும். பூங்கா வாசலுக்கு அருகே வானளாவ நிற்கும் மரம் குவாத்தமாலாவின் தேசிய மரமான செய்பா. நம் தலையணைகளில் பஞ்சு அடைத்த அதே இலவ மரம்தான், மாயர்களுக்கு அது பாதாளத்தையும் விண்ணையும் இணைக்கும் தூண். நீண்ட வாலை நிமிர்த்திக் கூட்டமாக வரும் கோவாட்டி என்ற காட்டு விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், பையைத் தரையில் வைக்கவும் வேண்டாம்.

உடைந்த மண்பாண்டத் துண்டானாலும் எதையும் எடுத்து வருவது இந்நாடுகள் அனைத்திலும் குற்றம். ட்ரோன் பறக்க விடுவதற்கும், பல தலங்களில் முக்காலியில் கேமரா வைப்பதற்கும் முன் அனுமதி வேண்டும்.

பயணத் திட்டத்தில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு பெரிய பிரமிடுகளை வைக்காதீர்கள். பெலீஸ் நகரத்திலிருந்து ஆல்துன் ஹா, பிறகு சான் இக்னாசியோவில் தங்கி ஷுனான்துனிச், அங்கிருந்து எல்லை கடந்து ஃப்ளோரஸ், பின் திகால் என்ற வரிசை உயரம் படிப்படியாகக் கூடும்படி அமைந்திருப்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. பெலீஸிலிருந்து தரைவழியாக வெளியேறும்போது ஒரு கட்டணம் உண்டு, அதற்குத் தனியே பணம் எடுத்து வையுங்கள். ஷுனான்துனிச்சில் ஏறிய மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அன்று எல்லையைக் கடப்பதற்கு மட்டும் ஒதுக்கி, மாலையில் பெத்தேன் இட்சா ஏரியில் படகில் போய்விட்டு, அதற்கடுத்த நாள் விடியலுக்கு முன் திகாலுக்கு வேன் ஏறுவது நல்லது.